மிச்சம் பிடித்த மணிகள்

ஹாலிஃபாக்ஸில் ஏறும்போது
முதுகில் பதினாறு கிலோ,
கையில் அட்லாண்டிக் நேரம்.
துறைமுகத்தில் ஒரு கப்பல்
சளி பிடித்தவன்போல் ஊதியது.
"வான்கூவர் வரையா? படுக்கை இல்லாமலா?"
என்று கேட்ட நடத்துநர் ரெஜான்
என் முழங்கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு
இன்னொரு தலையணை கொண்டுவந்து போட்டார்.

நியூ பிரன்ஸ்விக் முடியும் இடத்தில்,
தூங்கிக்கொண்டே,
முதல் மணி நேரத்தைச் சம்பாதித்தேன்.

மொன்ட்ரியாலில் அதைச் செலவழித்தேன்.
விறகடுப்பு பேகல் கடை, இரவு மூன்று மணி,
அப்போதும் வாசல்வரை வரிசை.
எனக்கு முன்னால் நின்ற செவிலி
இரவுப் பணிச் சட்டையோடு ஒரு டஜன் வாங்கி
ஒன்றைப் பிய்த்து, ஊதி, என்னிடம் நீட்டினாள்.
உதடெல்லாம் எள்.
என் பிரெஞ்சில் நன்றி சொன்னேன்.
ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.
அது கருணையா தீர்ப்பா
என்று இன்னும் தெரியவில்லை.

டொராண்டோவில் கோபுரத்தின் தலையை மேகம் தின்றிருந்தது.
காசு கொடுத்து மேகத்துக்குள் ஏற மனம் வரவில்லை.
டிராமில் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குப் போனேன்,
பிறகு திரும்பி வந்தேன், அவ்வளவுதான்.
விடுதியில் மேல்கட்டில்காரன்
தூக்கத்திலும் யாரிடமோ
வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினான்.

அப்புறம் பாறை. ஏரி. பாறை.
ஒன்டாரியோ முடியவே மாட்டேன் என்கிறது.
நள்ளிரவில், பெயரில்லாத ஒரு மைல்கல்லில்
எல்வுட் கீசிக் என்ற ஒற்றை மனிதருக்காக
மொத்த ரயிலும் நின்றது.
முதலில் அவருடைய படகை இறக்கினார்கள்,
பிறகு மாவு மூட்டை, பிறகு அவரை.
டார்ச் வெளிச்சம் மரங்களுக்குள் நடந்து போனது.
நாங்கள் கிளம்பினோம்.

சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு
ஓரத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்கிறோம்.
இந்தப் பாதையில் கோதுமைக்குத்தான் முதல் மரியாதை,
மனிதர்கள் அப்புறம்.
நூற்று எழுபத்து மூன்று பெட்டிகள் என்றேன் நான்.
எழுபத்தொன்று என்றார் எதிர் இருக்கை ஆர்லீன் ஃப்ரீசன்.
"அதில் எதிலாவது என் மசூர் பருப்பு இருக்கும்.
நாங்கள் விளைவிப்போம். தின்னத் தெரியாது."

தம்பியின் டொராண்டோ வீட்டைக் காலிசெய்துவிட்டு
சஸ்கட்டூனுக்குத் திரும்புகிறார்.
எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாராம்.
மடியில், துண்டில் சுற்றி,
ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுவர்க்கடிகாரம் மட்டும்.

"எங்கள் மாநிலத்தில் கடிகாரத்தைத் தொடமாட்டோம்.
அவர்கள்தான் முன்னே தள்ளுவார்கள், பின்னே இழுப்பார்கள்.
குளிரில் ஒரு மணி வித்தியாசம், கோடையில் இரண்டு.
நாற்பது வருடம், அவனுக்கு அது பிடிபடவேயில்லை.
கோழி எழுமுன் போன் அடிப்பான்.
'தப்பான நேரம்' என்பேன்.
மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசுவான்."

வின்னிபெக்கில் இறங்கிக் கால் நீட்டினோம்.
கொசு. சிவப்பு நதி. வெந்நீர்போல் ஒரு காப்பி.
இரண்டாவது மணியும் கைக்கு வந்திருந்தது,
சஸ்கச்சுவான் எல்லையில் மூன்றாவதும்.
ஆனால் ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம்.
கூட்டிக் கழித்தால்
நான்தான் இந்த நாட்டுக்கு ஆறு பாக்கி.

சஸ்கட்டூனில் விடியவில்லை.
என் சீட்டின் பின்புறம் எண்ணை எழுதினார்:
"போய்ச் சேர்ந்ததும் சொல்."
நடைமேடையில் அவர் போக,
துண்டுக்குள் டொராண்டோவில் மணி அடித்தது.

மலைகள் வந்தன.
நல்ல மலைகள். எல்லோரும் படமெடுத்தார்கள்.
நான் பாதி நேரம் தூங்கினேன், ஒப்புக்கொள்கிறேன்.

வான்கூவரில் நான்காவது மணியும் சேர்ந்தது.
கடற்கரையில் ஒதுங்கிய மரத்துண்டில்
பையை இறக்கிவைத்து உட்கார்ந்தேன்.
முன்னால் இன்னொரு கடல்,
வேறு உப்பு வாசனை, வேறு கப்பல், அதே சளி.
இங்கே பத்தரை.
கழித்துப் பார்த்தேன்: அங்கே ஒன்பதரை.
அழைத்தேன்.

கூட்டியிருக்க வேண்டும்.
அங்கே நள்ளிரவுக்கு அரை மணி.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.
"தப்பான நேரம்," என்றார்.
வைக்கவில்லை.